இரண்டாம் வகுப்பில் 48 பிள்ளைகள் சரியா?

செம்பருத்தி: என் மகள் படிக்கும் தனியார் பள்ளியில் ஒரு பிரிவுக்கு 48 பேர். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளிக்கு 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 90 வரை மூன்று என்கிறது, அதாவது சுமார் 30 பேருக்கு ஒருவர். பெற்றோர் கூட்டத்தில் இதை ஏன் யாருமே கேட்பதில்லை?

தாமிரபரணி: எண்ணிக்கையைக் குறைத்தால் போதுமா? கலிபோர்னியாவில் 1996இல் மூன்றாம் வகுப்பு வரை 20 பேராகக் குறைத்தார்கள். திடீரென்று அத்தனை ஆசிரியருக்கு எங்கே போவது? தகுதிச் சான்று இல்லாதவர்களையும் எடுத்தார்கள், ஏழைப் பகுதிப் பள்ளிகளில்தான் அவர்கள் அதிகம். என் பிள்ளைக்கு 20 பேர் வகுப்பைவிட நல்ல டீச்சர் முக்கியம்.

கணக்கு டீச்சர்: அது அவசரத்தின் விளைவுங்க. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கிய ஆய்வைப் பாருங்கள். 13 முதல் 17 பேர் ஒரு பக்கம், 22 முதல் 25 பேர் இன்னொரு பக்கம். யார் எந்த வகுப்பு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள், ஆசிரியர்களுக்கும் அப்படித்தான். வாசிப்பு, கணக்கு இரண்டிலும் சிறிய வகுப்பு முந்தியது. கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பலன் இன்னும் அதிகம். பெரிய வகுப்பில் உதவியாளரைப் போட்டும் பார்த்தார்கள், பெரிதாக எதுவும் மாறவில்லை.

ஒரு பிள்ளை வாசிப்பதைக் கேட்க இரண்டு நிமிடம் வேண்டும். 40 நிமிடப் பாடவேளையில் 20 பேர். மீதி 28 பேர்? எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது பின்வரிசைப் பிள்ளை வாயை மட்டும் அசைக்கும். அதற்கு எழுத்துக்கூட்டத் தெரியவில்லை என்பது மூன்றாம் வகுப்பில்தான் வெளியே வரும்.

தாமிரபரணி: டென்னசியில் பெரிய வகுப்பே 25 பேர்தான். 48ஐ 30 ஆக்கினாலும் அதே பலன் வரும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லையே. அப்புறம், பிரிவு கூடினால் கட்டணமும் கூடும்.

ஈராசிரியர் பள்ளி: செம்பருத்தி சொன்ன அதே விதியில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டிருக்கிறோம். 36 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர். தாளில் 18க்கு ஒருவர். ஆனால் வகுப்பு ஐந்து! ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் என்னிடம். தலைமையாசிரியர் வட்டார வள மையக் கூட்டத்துக்குப் போனால் ஐந்தும் என்னிடம். பள்ளி மொத்தத்துக்கு ஆளை எண்ணாமல், வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று கேளுங்கள்.

தாமிரபரணி: இதை மறுக்க மாட்டேன். மூன்றாம் வகுப்பு வரை 30 பேர் என்றால் எனக்கும் சம்மதம். எட்டாம் வகுப்புக்கும் அதே எண்ணிக்கை வேண்டும் என்றால் எதிர்ப்பேன், அந்தப் பணம் பயிற்சிக்குப் போகட்டும்.

செம்பருத்தி: சரி, அடுத்த கூட்டத்தில் மூன்றாம் வகுப்பு வரை 30 என்றே கேட்கிறேன். கட்டணம் எவ்வளவு கூடும் என்பதையும் எழுத்தில் தரச் சொல்வேன்.