ஒட்டிப் பிறந்த குழந்தைகளுக்கு ஸ்கேன்: நான் பார்த்த ஒரு நேர்வு

குழந்தைகளுக்கான ஸ்கேன் பிரிவில் பல ஆண்டுகள் கதிரியல் மருத்துவராகப் பணியாற்றியும், ஒட்டிப் பிறந்த இரட்டையரைப் படமெடுக்கும் பொறுப்பு எனக்கு மிக அரிதாகவே வந்திருக்கிறது. 50,000 முதல் 2 லட்சம் பிறப்புகளுக்கு ஒன்று என்று நூல்கள் கூறும் இந்த நிலையில், பெரும்பாலான குழந்தைகள் கருவிலேயோ பிறந்த ஓரிரு நாள்களிலேயோ இறந்துவிடுகிறார்கள். ஆகவே பெரிய மருத்துவமனைகளில்கூட, இத்தகைய குழந்தைகள் வரும் நாளில் பணியில் இருப்பவர்களில் பலருக்கும் அதுவே முதல் அனுபவமாக இருக்கும். இனி இதைச் செய்ய நேர்பவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில், நான் நேரில் பார்த்த ஒன்றை எழுதுகிறேன்.

மார்பின் கீழ்ப்பகுதியிலிருந்து தொப்புள் வரை ஒட்டியிருந்த இரண்டு பெண் குழந்தைகள் அவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, எப்போதும் ஒருக்களித்தே படுத்திருப்பார்கள். கல்லீரல் ஒட்டியிருக்கிறது என்பது கர்ப்ப காலத்தில் எடுத்த ஸ்கேனிலேயே தெரிந்திருந்தது. அறுவை மருத்துவர்கள் எங்களிடம் கேட்டது அதைவிடக் கூர்மையான கேள்விகள். இரண்டு இதயங்களும் தனித்தனியாக இருக்கின்றனவா? கல்லீரலின் எந்தப் பகுதிக்கு யாருடைய இரத்தம் பாய்கிறது? பித்தநாளம் இருவருக்கும் தனித்தனியாக இருக்கிறதா?

முதலில் எக்கோ, அதாவது இதயத்துக்கான அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், எடுக்கப்பட்டது. இதய அறைகள் ஒட்டியிருந்தால், இருவரையும் உயிருடன் பிரித்தெடுப்பது ஏறக்குறைய இயலாத காரியம். இங்கே இதய உறை மட்டும் ஓரிடத்தில் பொதுவாக இருந்தது. இதயங்கள் இரண்டும் தனித்தனியாக, வெவ்வேறு வேகத்தில் துடித்தன. அந்த முடிவு வந்த பிறகே சி.டி. ஸ்கேனுக்கு நாள் குறித்தோம்.

சி.டி. அறைக்குள் இரண்டு மயக்கவியல் மருத்துவர்கள், இரண்டு மயக்க மருந்து இயந்திரங்கள், இரண்டு மானிட்டர்கள். ஒரு குழந்தைக்குரிய எல்லாக் குழாய்களிலும் சிவப்பு டேப், மற்றவளுக்குரியவற்றில் பச்சை டேப். மருந்தை ஏற்றும் ஊசிக்குழலிலும் அதே நிற டேப் ஒட்டப்பட்டிருந்தது. இரத்தக் குழாய்கள் படத்தில் வெண்மையாகத் தெரிவதற்காகச் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்தின் அளவை உடல் எடையை வைத்துத்தான் கணக்கிடுவோம். ஆனால் இவர்களைச் சேர்த்துத்தான் எடை பார்க்க முடியும். ஒருத்தியின் எடை மட்டும் எவ்வளவு என்று எந்தத் தராசும் சொல்லாது. மொத்த எடையில் பாதியை ஒருத்தியின் எடையாகக் கொண்டு, ஒருத்திக்குச் செலுத்தும் மருந்து மற்றவளிடமும் போய்ச் சேரலாம் என்பதையும் கருதி, அளவைச் சற்றுக் குறைத்தே முடிவு செய்தோம். கதிர்வீச்சையும் அப்படியே குறைத்தோம். ஒரு தடவை எடுக்கும் படம் இரண்டு குழந்தைகளின் உடலையும் கடந்து செல்கிறது என்பதால், தேவையற்ற ஒரு சுற்றுகூட இருக்கக் கூடாது.

மிக முக்கியமான விதி, கான்ட்ராஸ்ட் மருந்தை ஒரு நேரத்தில் ஒரு குழந்தைக்கு மட்டுமே செலுத்துவது. இருவருக்கும் சேர்த்துச் செலுத்தினால் எல்லா இரத்தக் குழாய்களும் ஒரே வெண்மையாகத் தெரியும். படம் அழகாக இருக்கும், எது யாருடையது என்பது மட்டும் தெரியாது. சிவப்பு டேப் குழந்தைக்கு மருந்தைச் செலுத்தியதும் அவளுடைய பெருந்தமனி பளிச்சென்று துலங்கியது. அடுத்து அவள் பக்கத்துக் கல்லீரல் வெளுத்தது. பச்சை டேப் குழந்தையின் பெருந்தமனி அப்போது மங்கலாகவே இருந்தது. இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரைகள் துலங்கும் நேரம் வந்தபோது, இரு கல்லீரல்களும் சேரும் இடத்தில் ஒரு சிரை எல்லையைத் தாண்டி மற்றவளுடைய கல்லீரல் சிரையில் போய்ச் சேர்வது தெரிந்தது. சற்று நேரத்தில் அவளுடைய இதயமும் லேசாக வெளுத்தது. மயக்கவியல் மருத்துவர்கள் திரையருகே வந்து நின்று அதை மீண்டும் மீண்டும் ஓட்டச் சொல்லிப் பார்த்தார்கள். ஒருத்திக்குப் போடும் மருந்து மற்றவளைச் சென்றடையும் என்பதற்கு அவர்களுக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

இரண்டாவது குழந்தைக்கும் அதே மயக்கத்திலேயே மருந்தைச் செலுத்திவிடலாமா என்ற விவாதம் எழுந்தது. முந்தைய மருந்து உடலில் மிச்சமிருந்தால் எது எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிய முடியாது என்பதால், சிறுநீரகங்கள் அதை வெளியேற்றும்வரை காத்திருந்து இன்னொரு நாளில் எடுத்தோம். மறுபடியும் மயக்கம் கொடுப்பது சிறிய விஷயமல்ல. ஆனாலும் அன்று எடுத்த முடிவு சரியென்றே இன்றும் கருதுகிறேன். பித்தநாளங்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்ததில், இருவருக்கும் தனித்தனிப் பித்தப்பையும் தனித்தனி நாளமும் இருப்பது தெளிவாயிற்று.

குழந்தைகளின் தாய் திரையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். வெளியே முதலில் எடுக்கப்பட்டவளைப் பெரியவள் என்றும் மற்றவளைச் சின்னவள் என்றும் அவர் அழைத்தார். “சார், இதுல பெரியவளோட ஈரல் எதுங்க? சின்னவளுக்கும் போதுமான அளவு இருக்குங்களா?” என்று கேட்டார். அறுவை மருத்துவர்கள் எங்களிடம் கேட்டதும் இதையேதான். கல்லீரல் வளரும் தன்மை கொண்டது என்பதையும், இருவருக்கும் போதுமான அளவு இருக்கிறது என்பதையும் படத்தைக் காட்டியே அவருக்கு விளக்க முடிந்தது.

தலை ஒட்டிய இரட்டையரை நான் படமெடுத்ததில்லை. ஆனால் அந்த வகையில் ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை 2003 ஜூலையில் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் மருத்துவமனையில் நடந்த அறுவை சிகிச்சை உலகுக்கே காட்டியது. ஈரானைச் சேர்ந்த லாதன், லாலே பிஜானி சகோதரிகள் 29 வயதில் பிரிக்கப்பட்டபோது இரத்தப்போக்கால் இருவரும் உயிரிழந்தார்கள். இருவரின் மூளையிலிருந்தும் இரத்தத்தை வெளியேற்றிய ஒரு பெரிய சிரை பொதுவாக இருந்ததே அதில் பெருஞ்சிக்கல். ஒடிசாவின் கந்தமால் மாவட்டத்துக் குழந்தைகள் இருவருக்கு டெல்லி எய்ம்ஸில் 2017 ஆகஸ்டில் சிரைகளுக்கு மாற்றுவழி அமைத்து, இரத்த ஓட்டம் அதற்குப் பழகிய பின் அக்டோபரில் பிரித்தெடுத்தார்கள். எந்தச் சிரை யாருக்கு என்பதைப் படங்களில் முன்கூட்டியே படித்தறியாமல் இப்படிக் கட்டம் கட்டமாகத் திட்டமிடவே முடியாது.

எங்கள் குழந்தைகளைப் பிரித்த நாளன்று அறுவை அரங்கிலும் நான் இருந்தேன். கல்லீரலின் மேற்பரப்பில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து, சி.டி.யில் கண்ட அந்தச் சிரையைத் தேடிப்பிடித்துக் காட்டினேன். அதை முதலில் கட்டிவிட்டு, பெரிய குழாய்கள் இல்லாத தடத்தின் வழியே வெட்டினார்கள். இருவரும் பிழைத்தார்கள்.

இத்தகைய குழந்தைகள் உங்கள் பிரிவுக்கு வந்தால், தொடக்கத்திலேயே இரண்டு பெயர், இரண்டு பதிவு எண், இரண்டு அறிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது, வலது என்று எழுதும்போது எந்தக் குழந்தையின் இடது என்பதை ஒவ்வொரு முறையும் சேர்த்தே எழுதுங்கள். இருவரும் எதிரெதிரே படுத்திருப்பதால், ஒரே படத்தில் ஒருத்தியின் இடப்பக்கமும் மற்றவளின் வலப்பக்கமும் ஒரே திசையில் இருக்கும்.