40 விதைக்கு இசட் டெஸ்ட் போடலாமா?

புள்ளியியல் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க. மன்னார்குடி பக்கம் எங்களுக்கு வயல். குறுவைக்கு ஏடிடி 43 விதைநெல் வாங்கினோம். சான்று விதைன்னா குறைஞ்சது 80 சதவீதம் முளைக்கணும். ஈரச்சாக்குல 40 மணியைச் சுருட்டி வச்சேன், 28தான் வெள்ளை மூக்கு நீட்டுச்சு. அப்பா அப்பவே கடைக்காரரைத் திட்ட ஆரம்பிச்சிட்டாரு.

இந்தக் குறைவு வெறும் தற்செயலா இருக்குமான்னு பார்க்கிறதுதான் இசட் டெஸ்ட். கணக்குப் போட்டா இசட் -1.58 வருது. ஆனா அதைப் போடவே எனக்குத் தகுதி இருக்கான்னுதான் சந்தேகம். முளைச்சது 28, முளைக்காதது 12, இந்த டெஸ்ட்டுக்கு ரெண்டுமே குறைஞ்சது 10 இருக்கணும், இருக்கு, அதனால சரின்னு தம்பி சொல்றான். என் புரிதல், கருதுகோள்ல (80 சதவீதம் முளைக்கும்ங்கிற அனுமானத்துல) இருக்கிற 0.8ஐ வச்சுத்தான் பார்க்கணும்: 40ல முளைக்க வேண்டியது 32, முளைக்காதது 8. எட்டு பத்தாதே! சில புத்தகத்துல 5 இருந்தாலே போதும்னும் இருக்கு. எதை நம்புறது?

மூட்டையில பல்லாயிரம் மணி இருக்கு, அதனால 10 சதவீத நிபந்தனை (எடுக்கிற மாதிரி மொத்தத்துல 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாதுங்கிறது) பிரச்சனையில்லை. ஆனா மூட்டை வாயிலேர்ந்து ஒரே பிடியா அள்ளினேன் (சோம்பேறித்தனம்தான்). அதைச் சமவாய்ப்பு மாதிரின்னு (எல்லா மணிக்கும் சம வாய்ப்பு கொடுத்து எடுத்த சேம்பிள்னு) சொல்ல முடியுமா?

இதுக்கே ஈருறுப்புப் பரவலை (முளைக்கும்/முளைக்காதுன்னு ரெண்டே முடிவு உள்ளதுக்கான கணக்கை) வச்சு நேரடியா பி மதிப்பு (80 சதவீதம் உண்மைன்னா 28 அல்லது அதுக்கும் குறைவா முளைக்கிற வாய்ப்பு) எடுக்கலாமா, இல்ல ஆய்வகத்துல செய்யற மாதிரி நூறு நூறா 400 மணி எண்ணி மறுபடி போடணுமா? நாற்றங்காலுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு.