கிறிஸ்துமஸ் கள்ளியில் மொட்டு நிலைக்கவில்லை

நான்கு ஆண்டுகளாக வீட்டுக்குள் வளர்த்துவரும் என் கிறிஸ்துமஸ் கள்ளி, தண்டுகள் தழைத்துப் பசுமையாக இருந்தும், இதுவரை ஒருமுறைகூடப் பூக்கவில்லை. கிழக்குச் சன்னலோரத்தில், நீர் எளிதில் வடியும் கலவை நிரப்பிய 15 செ.மீ. தொட்டியில் இருக்கிறது. இம்முறை அதைப் பூக்கவைப்பதற்காக, அக்டோபர் தொடக்கம் முதல் 6 வாரங்கள், மாலை 5 மணியிலிருந்து காலை 7 மணி வரை அட்டைப்பெட்டியால் மூடி 14 மணி நேர இருளைக் கொடுத்து (இரண்டு இரவுகள் மறந்துபோனது உண்மை), உரத்தை நிறுத்தி, தண்ணீரையும் குறைத்தேன். தண்டு நுனிகளில் அரிசியளவு மொட்டுகள் அரும்பின. ஆனால் தொட்டியைக் கூடத்து மேசைக்கு மாற்றிய ஒரு வாரத்திற்குள் அனைத்தும் உதிர்ந்துவிட்டன. அங்கு இரவு வெப்பநிலை 22 டிகிரி செல்சியசுக்குக் குறைவதில்லை. வேரழுகலோ பூச்சியோ தென்படவில்லை.

மொட்டுகள் உதிர்ந்தது இடமாற்றத்தாலா, இரவு வெப்பத்தாலா?