குடவோலைக் கட்டுரை: நாற்பது தாளிலும் ஒரே முதல் வரி

கேள்வி:
பதினொன்றாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். உத்திரமேரூர் குடவோலை முறையை (ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, அதிலிருந்து எடுத்துச் சபைக் குழுக்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறை) ஆராய்ந்து எழுதச் சொன்னால், எல்லாப் பிள்ளைகளும் ‘சோழர் காலத்திலேயே மக்களாட்சி சிறந்து விளங்கியது’ என்றுதான் தொடங்குகிறார்கள். அப்புறம் மூன்று பக்கம் புகழ்ச்சி. கல்வெட்டு என்ன சொல்கிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. இதை எப்படி மாற்றுவது?

பதில்:
டீச்சர், தலைப்பே கொடுக்காதீர்கள். முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் உள்ள விதிகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கொடுங்கள். கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35க்கு மேல் 70க்குள், வேதக் கல்வி. வாரியத்தில், அதாவது சபையின் குழுவில் இருந்தவர் 3 ஆண்டு கழித்துத்தான் மறுபடி வரலாம். கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை. ஒவ்வொரு சீட்டின் கீழும் ‘இந்த விதியால் யார் உள்ளே, யார் வெளியே?’ என்று மட்டும் எழுதச் சொல்வேன்.

என் வகுப்பில் ஒரு பையனின் அப்பா குத்தகைக்கு உழுகிறவர். “எங்க அப்பா பேர் குடத்துக்குள்ள போயிருக்காது சார்” என்றான். பக்கத்துப் பெண் விடவில்லை: “கணக்குக் காட்டாதவனோட மாமன் மச்சானைக்கூடத் தடுத்திருக்காங்களே, அது நல்லதுதானே?” அரை மணி நேரம் வாதம். கடைசியில் அந்தப் பையன் எழுதிய வரி இது: ‘நிலம் உள்ளவர்களுக்குள் பதவி ஒருவரிடமே தங்காமல் பார்த்துக்கொண்டார்கள், நிலம் இல்லாதவர்களைச் சேர்க்கவே இல்லை.’ இன்னும் அந்தத் தாளை வைத்திருக்கிறேன்.

இன்னொருவர்:
ஒன்று சேர்க்கிறேன். உத்திரமேரூர் ஒரு பிரமதேயம், சதுர்வேதிமங்கலம்; அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர். வேளாளர் ஊர்களில் ‘ஊர்’ என்ற சபை, வணிகர்களுக்கு ‘நகரம்’ என்று தனித்தனியாக இருந்தன. அதனால் ‘சோழ நாடு முழுவதும்’ என்று யாராவது எழுதினால், எந்தச் சீட்டில் இருக்கிறது என்று கேளுங்கள்.

கேட்டவர்:
பொதுத் தேர்வில் மதிப்பெண் போய்விடாதா சார்?

பதில்:
அந்த விதிகள்தானே விடைக்குறிப்பிலும் வரும்? கையில் வைத்துச் சண்டை போட்டதைப் பிள்ளைகள் மறப்பதில்லை.

கேட்டவர்:
சரி, திங்கட்கிழமை செய்து பார்க்கிறேன். அரைக்கால் வேலி நிலம் இருந்தாலும், ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் (விளக்க உரை நூல்) கற்றவரானால் சேர்க்கலாம் என்ற விலக்கையும் சீட்டாகக் கொடுக்கலாமா?

பதில்:
அதைக் கடைசியாகக் கொடுங்கள் டீச்சர். அதற்குள் எல்லோரும் ஒரு முடிவு எழுதியிருப்பார்கள். அதை அவர்களே அடித்துத் திருத்தட்டும்.