கணவருக்கு நல்ல சம்பளம் என்றால் மனைவிக்கு இலவச வக்கீல் கிடைக்காதா?

இளவேனில்:
என் அக்காவுக்காகக் கேட்கிறேன். கல்யாணம் ஆனதிலிருந்தே அடி, கெட்ட வார்த்தை, வேலைக்குப் போகக் கூடாது, கையில் காசு கிடையாது என்றுதான் போகிறது. போன வாரம் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதியதில் நெற்றியில் தையல் போட்டிருக்கிறது. கணவர் பக்கத்திலேயே நின்றதால் டாக்டரிடம் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டாள். வீடு மாமியார் பெயரில் இருக்கிறது, கேஸ் கீஸ் என்று போனால் அன்றைக்கே வெளியே போக வேண்டியதுதான், இதில் உனக்கு ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை என்று மிரட்டுகிறார்கள். ஒரு வக்கீலிடம் விசாரித்தேன், அவர் கேட்கும் முன்பணம் எங்களால் முடியாது. இலவச சட்ட உதவியெல்லாம் ஏழைகளுக்குத்தான், உன் மாமா வாங்கும் சம்பளத்துக்குக் கிடைக்காது என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். உண்மையா? மாமாவை ஜெயிலுக்கு அனுப்ப அவளுக்கு மனசில்லை. அடி நிற்க வேண்டும், குழந்தையோடு அதே வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். போடாமல் வழி இருக்கிறதா?

வட்டக்குழு தன்னார்வலர்:
அந்தத் தெரிந்தவர் சொன்னது தப்பு, தயவுசெய்து அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் பெண் என்றாலே தகுதி உண்டு. வருமான வரம்பு வேறு பிரிவினருக்குத்தான், பெண்களுக்குக் கிடையாது. மாமாவின் சம்பளம் மட்டுமல்ல, உங்கள் அக்காவே சம்பாதித்தாலும் இலவசம்தான். வக்கீல் ஃபீஸ், நீதிமன்றக் கட்டணம், நோட்டீஸ் அனுப்பும் செலவு எல்லாம் இதில் அடங்கும்.

மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும், தாலுகா அளவில் வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கும். அக்கா அங்கே போய் ஒரு வெள்ளைத் தாளில் பெயர், விலாசம், என்ன நடக்கிறது, என்ன உதவி வேண்டும் என்று தமிழிலேயே எழுதிக் கொடுத்தால் போதும். எழுத வராவிட்டால் வாயால் சொல்லலாம், அவர்களே எழுதிக் கைநாட்டு வாங்கிக்கொள்வார்கள். முதலில் விவரம் கேட்க வேண்டும் என்றால் சட்ட உதவி எண் 15100-க்கு போன் செய்யுங்கள்.

எஃப்.ஐ.ஆர். கட்டாயமில்லை. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி நேராக மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பார், அவர் வழியாகவும் போகலாம். சட்ட உதவி கிடைக்கச் செய்வது அவருடைய வேலை.

மனோரஞ்சிதம்:
நானும் இதே நிலையில் இருந்தவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த நெற்றிக் காயம். தையல் பிரிக்கப் போகும்போது நீங்களோ அம்மாவோ கூடப் போய், அவர் இல்லாத நேரத்தில் டாக்டரிடம் உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். பயத்தில் மாற்றிச் சொன்னேன், அடித்ததுதான் என்று சொன்னால் எழுதிக்கொள்வார்கள். அரசு ஆஸ்பத்திரி என்றால் ஏ.ஆர். காப்பி, அதாவது காயத்தைப் பதிவு செய்யும் விபத்துப் பதிவேட்டின் நகல், கேளுங்கள். காயத்தை இன்றைக்கே போட்டோ எடுத்து உங்கள் போனில் வையுங்கள், அவள் போனில் வேண்டாம்.

அடுத்து வீடு. என்னையும் இந்தச் செங்கல் கதையைச் சொல்லித்தான் மிரட்டி வைத்திருந்தார்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, பெண் வாழ்ந்த குடும்ப வீட்டில் அவள் பெயரில் பத்திரம் இல்லாவிட்டாலும் குடியிருக்கும் உரிமை தருகிறது. மாமனார் மாமியார் பெயரில் இருக்கும் வீட்டுக்கும் அது பொருந்தும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்காக மாமியாரை வெளியே அனுப்பும்படி கேட்க முடியாது. அங்கே இருக்கவே முடியாத நிலை வந்தால், அதே தரத்தில் வேறு வீடு பார்த்துக் கொடு, இல்லையென்றால் வாடகை கொடு என்று கணவருக்கு உத்தரவு போடலாம். அக்கா கோபத்தில் தானாகக் கிளம்பி வந்துவிட வேண்டாம் என்பார்கள், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். உயிருக்குப் பயம் இருந்தால் அந்த நிமிஷமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரட்டும், வந்ததால் உரிமை போய்விடாது. நீங்கள் இருக்கும் ஊர் கோர்ட்டிலேயே மனு போடலாம், தற்காலிகமாகத் தங்கும் இடமும் கணக்கில் வரும்.

ராஜவேல்:
தப்பாக நினைக்க வேண்டாம், இலவச வக்கீல் என்றால் வாய்தா மேல் வாய்தாதான். என் தங்கை கேஸில் பார்த்தது இது. கடன் வாங்கியாவது நல்ல வக்கீலாக வையுங்கள்.

மனோரஞ்சிதம்:
எனக்கு முதலில் வந்தவரும் அப்படித்தான் இருந்தார். ஆணைக்குழுச் செயலாளரிடம் மனு கொடுத்து வேறு வக்கீல் கேட்டேன், மாற்றிக் கொடுத்தார்கள். அடுத்து வந்த மேடம் என்னை உட்கார வைத்து, எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கடன் வாங்கச் சொல்வது சரியில்லை, ராஜவேல் அண்ணா, கையில் காசே இல்லாமல் வைத்திருப்பதும் வன்முறைதான் என்று இந்தச் சட்டமே சொல்கிறது.

கறுப்புக் கோட்டு:
நான் வழக்கறிஞர், சட்ட உதவிப் பட்டியலிலும் இருக்கிறேன். ராஜவேல் சொல்வதை முழுசாக மறுக்க மாட்டேன், அக்கறை இல்லாதவர்களும் உண்டு. ஆனால் பட்டியல் வக்கீல் உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. டைப்பிங், ஜெராக்ஸ் என்று கேட்டாலும் செயலாளரிடம் சொல்லுங்கள்.

முக்கியமான விஷயம் இடைக்கால உத்தரவு. மனு கொடுத்தால் சாதாரணமாக 3 நாட்களுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம், நடைமுறையில் இழுக்கும். அதனால் 23-ஆவது பிரிவில் இடைக்கால மனுவையும் சேர்த்தே போடச் சொல்லுங்கள்: அடிக்கக் கூடாது, வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது, மாதாமாதம் செலவுக்குப் பணம். அவசரம் என்றால் எதிர்த்தரப்பை விசாரிக்கும் முன்பேகூட மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். பாதுகாப்பு அலுவலர் குடும்ப வன்முறை பற்றி எழுதித் தரும் டி.ஐ.ஆர். அறிக்கை வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை, 2022-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது.

ஜெயில் வேண்டாம் என்கிறார், நல்லது, இந்த மனு அதற்காக அல்ல. இந்தச் சட்டப்படி பாதுகாப்பு உத்தரவை மீறி அடித்தால்தான் குற்றம், ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அந்தப் பயமே பலரை நிறுத்துகிறது.

இளவேனில்:
எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு சிக்கல், அவள் போனை மாமா தினமும் எடுத்துப் பார்க்கிறார்.

வட்டக்குழு தன்னார்வலர்:
அப்படியென்றால் 15100-க்கும், பெண்கள் உதவி எண் 181-க்கும் உங்கள் போனிலிருந்தே பேசுங்கள், அவளுக்கு இதைப் பற்றி மெசேஜ் எதுவும் அனுப்பாதீர்கள். ஆதார், கல்யாணப் பத்திரிகை அல்லது பதிவுச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்று, நகை பில் எது கிடைத்தாலும் ஜெராக்ஸ் உங்களிடம் இருக்கட்டும். நகையைத் திருப்பிக் கேட்கவும் இதே மனுவில் இடமுண்டு. இரவில் அடி விழுந்தால் யோசிக்காமல் அவசர உதவி எண் 112. தையல் பிரிக்கும் நாளிலேயே ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஆணைக்குழுவுக்குப் போய்விடுங்கள், வெளியே வர இன்னொரு காரணம் தேட வேண்டியிருக்காது.