தற்காப்புக்காகத் துப்பாக்கி: சுடும் நொடியிலும் அதன் பிறகும் மனத்தில் என்ன நடக்கிறது?

கேள்வி: தோப்புக்காரர், போச்சம்பள்ளி

வணக்கம். ஊரை விட்டு விலகிய ஒரு மாந்தோப்பின் நடுவே எங்கள் கொட்டாய் இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் வேறு வீடு இல்லை. அப்பாவின் பெயரில் ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்றும் அதற்கான உரிமமும் பல ஆண்டுகளாக உள்ளன. காட்டுப்பன்றி வரும்போது வானத்தை நோக்கி ஒரு வெடி வெடிப்பார். தேர்தல் அறிவித்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் வாங்கி வருவார். இதற்கு மேல் அதற்கு வேலை இருந்ததில்லை. அவருக்கு எழுபது வயது கடந்துவிட்டதால், வாரிசு என்ற முறையில் உரிமத்தை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளச் சொல்கிறார். மேற்கு மாவட்டங்களில் தோட்டத்து வீடுகளில் தனியாக இருந்த முதியவர்கள் கொள்ளையரால் கொல்லப்பட்ட செய்திகளைப் படித்ததிலிருந்து அவருக்கு இதே பேச்சாக இருக்கிறது. அம்மா சென்ற ஆண்டு காலமான பிறகு அவர் இரவில் சரியாகத் தூங்குவதும் இல்லை. துப்பாக்கியைக் கட்டில் ஓரத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு விழித்தே கிடக்கிறார்.

உரிமத்துக்கு எந்த அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும் என்பதை நானே விசாரித்துக்கொள்வேன். நான் கேட்க விரும்புவது வேறு. நள்ளிரவில் ஓர் ஆள் அரிவாளோடு வாசலில் நின்றால் என் கை வேலை செய்யுமா? சுட்டுவிட்டேன் என்றால், அதன் பிறகு என் மனம் என்ன ஆகும்? அனுபவத்திலோ படிப்பிலோ அறிந்தவர்கள் வெளிப்படையாக எழுத வேண்டுகிறேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற ஹவில்தார், அரூர்

தம்பி, படையில் இருந்து வந்தபின் ஒரு வங்கியில் துப்பாக்கிக் காவலராகப் பணியாற்றுகிறேன். நீங்கள் கேட்டதன் முதல் பாதிக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும்.

பயிற்சித் திடலில் குறி அசையாது, வெளிச்சம் இருக்கும், பின்னால் நிற்பவர் "சுடு" என்பார். உங்கள் தோப்பில் இந்த மூன்றும் இருக்காது. தூக்கத்திலிருந்து எழுந்தவனுக்கு இடம் புரியவே சில நொடிகள் ஆகும். இதயம் அடிக்கும் வேகத்தில் விரல் நுனிகள் மரத்துப்போகும். பகலில் கண்ணை மூடிக்கொண்டு தோட்டா போடுபவன்கூட அந்த நேரத்தில் தோட்டாவைத் தரையில் நழுவவிட்டுவிட்டுத் துழாவுவான். ஒற்றைக் குழலில் முதல் வெடி தவறினால் மறுபடியும் குழலை மடக்கித் திறந்து, வெற்றுத் தோட்டாவை எடுத்து, புதியதைச் செருக வேண்டும். அரிவாளோடு வருபவன் அதுவரை நிற்க மாட்டான்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நம் பக்கத்தில் மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாள்களில் மோட்டார் போட எத்தனை பேர் டார்ச்சும் கையில் ஒரு தடியுமாக வரப்பில் நடக்கிறார்கள்? அவர்களில் ஒருவர் உங்கள் பங்காளியாகவோ, தண்ணீர் முறைக்காக வந்த பக்கத்துக் கொல்லைக்காரராகவோ இருப்பார். பயந்துபோன கண் தடியை அரிவாளாகப் பார்க்கும். ஆள் யார் என்று தெரியாமல் விசையில் விரல் வைக்கக் கூடாது என்பதை எங்களுக்குப் பல மாதங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார்கள், ஏனென்றால் அச்சம் வந்துவிட்டால் அது தானாக நினைவுக்கு வராது.

படைவீரனுக்கு ஆணையிட ஒருவர் இருக்கிறார், பக்கத்தில் தோழர்கள் இருக்கிறார்கள், நடந்ததற்கான பொறுப்பு பலர் தோளில் பகிரப்படுகிறது. வீட்டில் சுடுபவர் தனி ஆள். மறுநாள் காலை அதே வாசலைக் கழுவிக் கோலம் போட வேண்டியதும் அவர் வீட்டார்தான்.

மறுமொழி 2: வாசகி, தேன்கனிக்கோட்டை

எங்கள் குடும்பத்தில் இது நடந்திருக்கிறது என்பதால் எழுதுகிறேன். ஊரையும் ஆண்டையும் தவிர்க்கிறேன்.

ஓட்டைப் பிரித்து இறங்கிய ஓர் ஆளை என் சித்தப்பா சுட்டார். குண்டு தொடையில் பட்டது. அந்த ஆள் பிழைத்துக்கொண்டார். சித்தப்பா செய்தது தற்காப்பு என்றே கடைசியில் முடிவானது. ஆனால் வழக்கு முடிந்ததும் அவருக்கு நிம்மதி வந்துவிடும் என்று நாங்கள் எண்ணியிருந்தது நடக்கவில்லை. சுட்ட அன்று அவர் அழவில்லை. நன்றாகப் பேசினார், சாப்பிட்டார், வந்தவர்களுக்கெல்லாம் காபி போடச் சொன்னார். பத்துப் பதினைந்து நாள்கள் கழித்துத்தான் தொடங்கியது. அந்த அறையில் படுக்க மாட்டார். ஓட்டின் மேல் பூனை நடந்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். தீபாவளி வந்தால் காலையிலேயே புறப்பட்டு, வெடிச்சத்தம் கேட்காத ஏதாவது ஒரு கோயிலுக்குப் போய் இருந்துவிட்டு இரவுதான் திரும்புவார்.

இவற்றைவிட அவரை அரித்தவர்கள் மனிதர்கள். ஒவ்வொரு கல்யாணத்திலும் யாராவது ஒருவர் இளைஞர்களைக் கூட்டிவந்து, "இவர்தான் திருடனைச் சுட்டவர், கதையைச் சொல்லுங்கள் மாமா" என்பார். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து கை கழுவப் போய்விடுவார். பந்தியில் பாதிச் சோறு இலையிலேயே இருக்கும். சுடப்பட்டவரின் தாயார் வாரச் சந்தையில் கீரை விற்பவர். சித்தப்பா அந்த வரிசைப் பக்கமே போவதை விட்டார். பிறகு சந்தைக்குப் போவதையே விட்டார். அந்த அம்மா ஒரு சொல்லும் ஏசியதில்லை என்பதுதான் அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது என்று சித்தி சொல்வார்.

திரும்ப அப்படி ஒரு நிலை வந்தால் சுடுவீர்களா என்று ஒருமுறை கேட்டேன். "பிள்ளைகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள், வேறு வழி இல்லை, சுடுவேன்" என்றார். செய்தது சரி என்று உறுதியாக நம்பியவர் அவர். அப்படியும் அது அவரை விடவில்லை.

மறுமொழி 3: உளநல ஆலோசகர், தருமபுரி

மேலே இருவரும் எழுதியிருப்பவை ஆய்வுகளோடு பெரிதும் பொருந்துகின்றன. அமெரிக்க உளவியலாளர் அலெக்சிஸ் ஆர்ட்வோல், பணியின்போது துப்பாக்கிச் சூட்டில் ஈடுபட்ட 157 காவலர்களிடம் கேட்டறிந்தவற்றை 2002-இல் வெளியிட்டார். அவர்களில் 84 விழுக்காட்டினருக்கு ஓசை மங்கிப்போனது. தம் கையிலிருந்த துப்பாக்கியின் வெடியோசையே சிலருக்குச் சரியாகக் கேட்கவில்லை. 79 விழுக்காட்டினருக்குப் பார்வை குறுகி, எதிரே இருந்த ஆபத்தைத் தவிர மற்றவை கண்ணில் படவில்லை. 62 விழுக்காட்டினருக்கு நேரம் மெதுவாக நகர்ந்தது போலிருந்தது. பாதிக்கும் மேற்பட்டோருக்கு நடந்தவற்றில் ஒரு பகுதி நினைவிலேயே இல்லை. 7 விழுக்காட்டினர் சற்று நேரம் அசைய முடியாமல் உறைந்துபோனார்கள். இவர்கள் முறையான பயிற்சி பெற்ற காவலர்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் கோழைத்தனம் அல்ல, உடலின் இயல்பு. ஆபத்தை உணர்ந்ததும் அட்ரினலின் பெருகி, பெரிய தசைகளுக்கு இரத்தம் பாய்கிறது. ஓடவும் மல்லுக்கட்டவும் அது உதவும், நுண்ணிய விரல் வேலைக்கு உதவாது. எனவே "என் கை வேலை செய்யுமா" என்பதற்கு முன்கூட்டியே யாராலும் உறுதி சொல்ல முடியாது. துணிச்சலானவர் என்று பெயர் எடுத்தவர் உறைந்து நிற்பதும், யாரும் எதிர்பாராதவர் செயல்படுவதும் உண்டு. உறைந்து நின்றவர்கள் பிறகு தங்களையே வெறுப்பதை நான் பார்க்கிறேன். அது அவர்கள் தேர்ந்தெடுத்த செயலே இல்லை என்பதைப் புரியவைக்கவே பல அமர்வுகள் தேவைப்படுகின்றன.

சுட்ட பிறகு வருபவற்றுக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்றாலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி வராது. முதல் சில மணி நேரத்தில் நடுக்கம், குமட்டல், சில வேளைகளில் உயிர் தப்பிய களிப்பு. ஒருவன் விழுந்து கிடக்கும்போது தனக்குள் மகிழ்ச்சி எழுந்ததே என்ற எண்ணம் பின்னாளில் குற்ற உணர்வாகத் திரும்பும். அடுத்த வாரங்களில் தூக்கமின்மை, கெட்ட கனவு, சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல், அந்த இடத்தைத் தவிர்த்தல் ஆகியவை வரலாம். பெரும்பாலோருக்கு இவை மெல்லத் தணிகின்றன. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால் அதை அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்கிறோம். அதற்குப் பலன் தரும் உளவியல் சிகிச்சைகள் உள்ளன. தேன்கனிக்கோட்டைச் சகோதரி எழுதியது போல, சட்டம் விடுவித்தாலும் மனச்சாட்சி தனக்கென்று ஒரு விசாரணையை நடத்துகிறது. வீரன் என்று புகழ்பவரும் கொலைகாரன் என்று ஒதுக்குபவரும் அந்த மனிதரை ஒரே அளவுக்குத் தனிமைப்படுத்துகிறார்கள். அவருக்குத் தேவைப்படுபவர், கதை கேட்காமல் பக்கத்தில் உட்காரக்கூடிய ஒருவர்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கேள்வியில் என்னை நிறுத்திய வரி, அம்மா காலமான பிறகு அப்பா தூங்காமல் துப்பாக்கியோடு விழித்திருக்கிறார் என்பது. துணையை இழந்த, உறக்கம் கெட்ட, எழுபது கடந்த ஓர் ஆணின் கட்டில் ஓரத்தில் துப்பாக்கி இருப்பதை, கொள்ளையரைவிட அவசரமான செய்தியாக நான் பார்க்கிறேன். வீட்டில் துப்பாக்கி இருப்பது அந்த வீட்டாரின் தற்கொலை அபாயத்தைக் கூட்டுகிறது என்பதை அமெரிக்க ஆய்வுகள் 1990-களிலிருந்தே காட்டி வருகின்றன. காரணம் எளியது. அந்த எண்ணம் பலருக்கு வந்து தணியக்கூடியது; கைக்கு எட்டும் பொருள் எது என்பதுதான் உயிர் தப்புவதைத் தீர்மானிக்கிறது. துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைப்பதில்லை. உங்கள் அப்பாவுக்கு அந்த எண்ணம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது.

மறுமொழி 4: வழக்கறிஞர், கிருஷ்ணகிரி

சட்டம் மனத்தோடு உரசும் இடத்தை மட்டும் சொல்கிறேன். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால் எதிரியின் உயிர் போகும் அளவுக்கும் அது நீளும். 37-ஆவது பிரிவு அதற்கு எல்லை வகுக்கிறது: தேவைக்கு மிஞ்சிய தீங்கு கூடாது. அஞ்சி நடுங்கும் ஒருவர் தன் எதிர்ப்பைப் பொன் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன; 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த நெறிகளைத் தொகுத்துத் தந்தது. ஆனால் தற்காப்பு என்று காட்ட வேண்டிய பொறுப்பு சுட்டவருடையது. ஆலோசகர் குறிப்பிட்ட நினைவு இடைவெளிகள் இங்கேதான் இடிக்கும். எத்தனை அடி தூரம், அவன் முன்னே வந்தானா, திரும்பி ஓடினானா என்ற கேள்விகளுக்கு அன்றிரவே ஒரு விடையும், ஒரு வாரம் கழித்து வேறொரு விடையும் நேர்மையான மனிதரிடமிருந்தே வரக்கூடும். நினைவில்லாததை நினைவில்லை என்றே சொல்ல வேண்டும். இடைவெளியை ஊகத்தால் நிரப்பக் கூடாது. ஓடுபவன் முதுகில் பாய்ந்த குண்டுக்குத் தற்காப்பு என்று விளக்கம் சொல்வது மிகவும் கடினம்.

தோப்புக்காரர், போச்சம்பள்ளி

அனைவருக்கும் நன்றி. ஆலோசகர் அம்மா எழுதியதைப் படித்துவிட்டு நேற்றிரவு அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து கேட்டேன். முதலில் கோபப்பட்டார். பிறகு நெடுநேரம் பேசவில்லை. கடைசியில், "திருடன் வந்தால்கூடத் தேவலை என்று சில இரவு தோன்றுகிறது" என்றார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. தோட்டாக்களை அவர் சம்மதத்தோடு எடுத்து, வேறு அறையில் பூட்டி, சாவியை என்னிடம் வைத்திருக்கிறேன். உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடம் துப்பாக்கியைப் பாதுகாப்பாக ஒப்படைத்து வைக்கலாமா என்று விசாரிக்கிறேன். உரிம மாற்றத்தை இப்போதைக்கு நிறுத்திவிட்டேன். வாசலுக்கு இரும்புக் கிரில் கதவும் தோப்பைப் பார்த்தபடி இரண்டு விளக்குகளும் போட ஆள் சொல்லியாயிற்று. அவரை மருத்துவரிடம் எப்படி அழைத்துப் போவது என்று மட்டும் சொல்லுங்கள். மனநல மருத்துவர் என்றாலே வர மாட்டார்.

உளநல ஆலோசகர், தருமபுரி

நீங்கள் கேட்டதும் அவர் சொன்னதும் பெரிய செயல்கள், ஐயா. அவர் சொன்ன அந்த வரியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாளைக்கே அழைத்துச் செல்லுங்கள். தூக்கம் வரவில்லை என்பதற்காகப் போவோம் என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட, அவரும் ஒப்புக்கொள்வார். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. ஓசூர் பக்கம் உறவினர் இருந்தால் பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையும் போய் வரும் தூரம்தான். இன்றிரவே பேச வேண்டும் என்று தோன்றினால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். அதுவரை அவரைத் தனியாகப் படுக்க விடாதீர்கள், தோப்புக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்தையும் அதே பூட்டுக்குள் வையுங்கள்.