புது ஐஐஎஸ் மேனேஜரில் பழைய 2003 சர்வர்கள் ஏறவே மாட்டேன் என்கின்றன

பழையபெட்டி
2013 மார்ச் 5, இரவு 11.40

வெப் சர்வர்களைக் கவனித்துக்கொண்டிருந்தவர் வேறு பிரிவுக்குப் போய்விட்டார். ஆறு பெட்டிகளும் இப்போது என் தலையில். நான்கு விண்டோஸ் சர்வர் 2003, அதாவது மைக்ரோசாஃப்டின் வெப் சர்வர் மென்பொருளான ஐஐஎஸ்-இன் 6-ஆம் பதிப்பு. மீதி இரண்டு 2008 ஆர்2, ஐஐஎஸ் 7.5. என் மெஷின் விண்டோஸ் 7.

விண்டோஸ் 7-இல் வரும் ஐஐஎஸ் மேனேஜரில் வேறு சர்வருக்கு கனெக்ட் செய்யும் மெனுவே இல்லை. ரிமோட் அட்மினிஸ்ட்ரேஷனுக்கென்று தனியாக ஒரு டவுன்லோட் உண்டு என்று தேடிக் கண்டுபிடித்துப் போட்டேன். மெனு வந்தது, இரண்டு 2008-உம் உடனே ஏறின. 2003-இல் ஒன்றுகூட ஏறவில்லை. பெயர் கொடுத்தேன், ஐபி கொடுத்தேன், அட்மின் பாஸ்வேர்டை மூன்று முறை அடித்தேன். கொஞ்ச நேரம் யோசிக்கிறது, பிறகு கனெக்ட் ஆகவில்லை என்கிறது.

பிங் போகிறது. சைட்களும் நன்றாகவே ஓடுகின்றன. நெட்வொர்க்காரர்களிடம் நான்குக்கும் மேனேஜர் பேசும் 8172 போர்ட்டைத் திறக்கச் சொல்லி டிக்கெட் போட்டிருக்கிறேன். ஒன்றை ராத்திரியோடு ராத்திரியாக ரீஸ்டார்ட்டும் செய்து பார்த்துவிட்டேன். ஆறையும் ஒரே ஜன்னலில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. எங்கே கோட்டை விடுகிறேன்?

கம்பிவால்
2013 மார்ச் 6, காலை 7.15

தம்பி, முதல்ல ரீஸ்டார்ட் பண்றதை நிறுத்துங்க. 2003 பெட்டி ஒரு தடவை படுத்தா எழுந்திருக்குமான்னு யாருக்கும் தெரியாது.

8172-ல உட்கார்ந்து கேக்கறது வெப் மேனேஜ்மென்ட் சர்வீஸ். அது ஐஐஎஸ் 7-ஓட பொறந்தது, 2003-ல அப்படி ஒரு சர்வீஸே கிடையாது. நீங்க போர்ட்டைத் திறந்தாலும் உள்ள கதவைத் திறக்க ஆள் இல்லை.

ஐஐஎஸ் 6 தன்னோட செட்டிங் எல்லாத்தையும் மெட்டாபேஸ்ங்கற ஒரே எக்ஸ்எம்எல் ஃபைல்ல வச்சிருக்கு. 7-ல அதைத் தூக்கிட்டு, அப்ளிகேஷன்ஹோஸ்ட் கான்ஃபிக், அதோட ஒவ்வொரு சைட்டுக்கும் அதோட வெப் கான்ஃபிக்னு பிரிச்சுட்டாங்க. புது மேனேஜருக்குப் படிக்கத் தெரிஞ்சது இந்த ரெண்டாவது வகை மட்டும்தான். மெட்டாபேஸ் பக்கம் அது திரும்பியே பாக்காது. அதனால ஒரே ஜன்னல்ங்கற ஆசையை விட்டுடுங்க, ரெண்டு ஜன்னல் வேணும்.

கன்ட்ரோல் பேனல்ல விண்டோஸ் ஃபீச்சர்ஸ் போங்க. இன்டர்நெட் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ், அதுக்குள்ள வெப் மேனேஜ்மென்ட் டூல்ஸ், அதுக்குள்ள ஐஐஎஸ் 6 மேனேஜ்மென்ட் கம்பாட்டிபிளிட்டி. அங்க மேனேஜ்மென்ட் கன்சோல் மட்டும் டிக் பண்ணுங்க, உங்க வேலைக்கு அது போதும். அப்புறம் ரன் பெட்டில ஐநெட்எம்ஜிஆர்6-னு அடிங்க (ஆமாம், எம்ஜிஆர்தான், கடைசில 6 முக்கியம்). பழைய கன்சோல் திறக்கும். மேல இருக்கற பேர்ல ரைட் கிளிக், கனெக்ட், சர்வர் பேரு. உங்க லாகினுக்கு அங்க உரிமை இல்லன்னா அதே கனெக்ட் பெட்டில வேற யூசர் பேர் குடுக்க இடம் இருக்கு.

பழையபெட்டி
2013 மார்ச் 6, மதியம் 1.05

அண்ணா, கைகொடுத்துவிட்டீர்கள். மூன்று ஏறிவிட்டன. நான்காவதில் மட்டும் ஆர்பிசி சர்வர் கிடைக்கவில்லை என்று வருகிறது. அது டிஎம்இசட்-இல், ஃபயர்வாலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஆர்பிசி-யின் 135 போர்ட்டைத் திறந்தால் போதுமா?

இன்னொரு சந்தேகம். மூன்றிலும் உள்ள சைட்களைப் பட்டியல் எடுக்க பவர்ஷெல்லில் டபிள்யூஎம்ஐ (விண்டோஸ் மெஷின்களைத் தூரத்திலிருந்து விசாரிக்கும் வசதி) வழியாகக் கேட்டேன். கன்சோல் உள்ளே விடும் அதே லாகின், இங்கே அக்சஸ் டினைட்.

நள்ளிரவுஷிஃப்ட்
2013 மார்ச் 6, மாலை 4.30

இரண்டாவதற்கு முதலில் பதில். ஐஐஎஸ் 6-இன் டபிள்யூஎம்ஐ பகுதி, வருகிற பேச்சு என்க்ரிப்ட் ஆகியிருந்தால்தான் பதில் சொல்லும். கெட்-டபிள்யூஎம்ஐஆப்ஜெக்ட் கட்டளையில் அதென்டிகேஷன் என்ற அளவுருவுக்குப் பாக்கெட் பிரைவசி என்று கொடுங்கள், எண்ணாக 6. பாஸ்வேர்ட் தவறு என்று நினைத்து ஒரு முழு இரவை இதில் தொலைத்தவன் நான்.

டபிள்யூஎம்ஐ-யில் எந்தப் பிரிவில் தேடுவது என்கிற நேம்ஸ்பேஸையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழையதற்கு மைக்ரோசாஃப்ட்ஐஐஎஸ்வி2, புதியதற்கு வெப்அட்மினிஸ்ட்ரேஷன். ஒரே ஸ்கிரிப்ட் ஆறுக்கும் ஓடாது.

டிஎம்இசட் விஷயத்தில் 135 மட்டும் போதாது. பழைய கன்சோல் டிகாம் (ஆர்பிசி மேல் ஓடும் விண்டோஸ் முறை) வழியாகப் பேசுகிறது. 135-இல் கேட்டால், எந்த போர்ட்டுக்கு வர வேண்டும் என்று சர்வர் சொல்லும். 2003-இல் அது 1025 முதல் 5000 வரை எதுவாகவும் இருக்கலாம். இத்தனையையும் டிஎம்இசட்-க்குத் திறக்கச் சொன்னால் பாதுகாப்புக் குழு உங்களை ஒரு மாதிரி பார்க்கும், பார்ப்பதும் நியாயம். அந்த ஒன்றுக்கு ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்து அங்கேயே வேலையை முடியுங்கள். சைட் பட்டியலுக்கு, சிஸ்டம்32-இல் கிடக்கும் ஐஐஎஸ்வெப் விபிஎஸ் ஸ்கிரிப்டை க்வெரி என்று ஓட்டினால் போதும்.

கம்பிவால்
2013 மார்ச் 6, இரவு 9.50

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். பழைய கன்சோல்ல நாலு சர்வரை அடுக்கினா நாலுலயும் டிஃபால்ட் வெப் சைட்னு ஒரே பேர், ஒரே பொம்மை. நான் ஒரு தடவை டெஸ்ட் சர்வர்னு நினைச்சு லைவ் சர்வர்ல ஸ்டாப் அழுத்திட்டேன். போன் வந்தப்புறம்தான் மரத்தை மேல வரைக்கும் ஸ்க்ரோல் பண்ணி எந்த சர்வர்னு பாத்தேன். அதுலேர்ந்து சைட் பேருக்கு முன்னாடி சர்வர் பேரையும் சேத்துடறது.

கை வைக்கறதுக்கு முன்னாடி மெட்டாபேஸ் பேக்கப் எடுங்க. சர்வர் மேல ரைட் கிளிக், ஆல் டாஸ்க்ஸ்லயே இருக்கு. 2003-க்கு ஆதரவு 2015 ஜூலை 14-ஓட முடியுது, மாத்தற பேச்சை இப்பவே மேல எடுத்துட்டுப் போங்க.

பழையபெட்டி
2013 மார்ச் 8, காலை 10.20

6 போட்டதும் டபிள்யூஎம்ஐ பேசிவிட்டது. பட்டியலில் ஒரு சைட்டின் எண் 1, மற்றதெல்லாம் ஒன்பது இலக்கம். லாக் ஃபோல்டர்களின் பெயரில் இருந்த அந்த நீள எண்கள் என்னவென்று இத்தனை நாள் தெரியாமல் இருந்தேன், அவை சைட்களின் எண்கள் என்று இப்போது புரிகிறது. நான்காவதை ரிமோட் டெஸ்க்டாப்பிலேயே பார்த்துக்கொள்கிறேன். பேக்கப்பும் நான்கிலும் எடுத்தாகிவிட்டது.

8172 டிக்கெட்டை ரத்து செய்யப் போனேன். நெட்வொர்க்காரர்கள் 6-ஆம் தேதி காலையிலேயே மூடிவிட்டிருக்கிறார்கள். கீழே ஒரு வரிக் குறிப்பு: "இந்த போர்ட்டில் உங்கள் சர்வரில் எதுவும் ஓடவில்லை."